ஆர்ச்சுக்கு ஒரு கதவு

டிக், டிக், டிக், டிக்.

இப்படித்தான் கேட்டது அக்கா. நன்றாக இருட்டிவிட்டது. இவர் வெளியே போயிருந்தார், மாமியும் வீட்டில் இல்லை. ஹாலில் நானும் பிள்ளையும் மட்டும். முதலில் பல்லி என்றுதான் நினைத்தேன். பல்லி இரண்டு தடவை சொல்லும், மூன்று தடவை சொல்லும், பிறகு நிறுத்திவிடும். இது நிறுத்தவில்லை. யாரோ நாக்கை மேலண்ணத்தில் தட்டித் தட்டிப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி விடாமல் வந்தது. புது கிச்சனுக்குள்ளிருந்து வந்தது. எட்டிப் பார்க்கிறேன், அந்த இருட்டுக்குள் அடுப்பின் மேல் நான்கு இடத்தில் நீலமாகப் பொறி தெறிக்கிறது. பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லை. தன்னைத் தானே பற்றவைக்கப் பார்க்கிற அடுப்பை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவிட்டேன். காலில் செருப்புகூட இல்லை.

இப்போது சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நீங்கள் சிரியுங்கள், பரவாயில்லை. எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.

வசதியாக உட்காருங்கள் அக்கா. நீங்களும் உங்கள் வீட்டில் கிச்சனை இடிக்கப் போகிறீர்கள், அதனால் எங்களுடையதைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஈவ்லின் என் மடியில் தூங்குகிறாள், நான் இப்போது எழுந்தால் முழித்துக்கொள்வாள். மாமி, இவருடைய அம்மா, மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் நான் சொல்வதைக் கேளுங்கள். கடைக்காரன் சொல்வதைவிட இது உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கதவு. அவ்வளவுதான். பளிங்கு வேண்டும் என்றேனா, சிம்னி வேண்டும் என்றேனா? பழைய கிச்சனுக்கு ஒரு கதவு இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த மரக்கதவு. கிச்சன் என்னவோ சின்னது, புகை படிந்தது, இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும். ஆனால் கதவு இருந்தது. ஈவ்லின் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கதவுதான் உயிர். நெருப்பென்றால் எனக்கு அவ்வளவு பயம். பள்ளிக்கூடம் முழுக்க நான் கான்வென்ட் ஹாஸ்டலில்தானே வளர்ந்தேன். அங்கே அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அது வழியாகச் சோறு வரும். தட்டை நீட்ட வேண்டும், 'தேங்க் யூ சிஸ்டர்' என்று சொல்ல வேண்டும், நகர வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் ஓர் அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன். பால் பொங்கினால்கூட இரண்டடி பின்னால் போய்விடுவேன்.

இதை நான் வீட்டில் சொல்லாமல் இல்லை. எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

புளோரி மதினி, அதாவது இவருடைய அக்கா, தோஹாவில் இருக்கிறார்கள். அவர்கள்தான் ஆரம்பித்து வைத்தது. லீவுக்கு வந்தவர்கள் பழைய கிச்சனுக்குள் நின்று, "கிளாட்வின், இதுக்குள்ள எப்படிடா அம்மா வேக்காட்டுல நிக்கிறாங்க? இடிச்சுருவோம்" என்றார்கள். தம்பிக்கு அக்கா சொல்வது வேதவாக்கு. அடுத்த வாரமே ஷோரூமுக்குப் போனோம். மதினி அதற்குள் தோஹாவுக்குத் திரும்பிவிட்டார்கள், ஆனால் வீடியோ காலில் எங்களோடு வந்தார்கள். கடையில் இருந்த ஒரு சிம்னியின்மேல் போனைச் சாய்த்து வைத்தார் இவர். அங்கிருந்து மதினி எல்லாரையும் பார்த்துக்கொண்டார்கள்.

கடையில் டிசைன் போடுகிறவர் மில்டன் என்று ஒருத்தர். கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு கோடு கோடாக இழுத்துக் காட்டினார்.

"சிங்க், ஃப்ரிட்ஜ், அடுப்பு. மூணும் ஒரு முக்கோணமா இருக்கணும்மா. நடுவுல எதுவும் தடையா வரக்கூடாது. நின்ன இடத்துலயே எல்லாம் கைக்கு வந்துரும், நீங்க அலையவே வேண்டாம்."

"அலைஞ்சாத்தான் தம்பி சுகர் குறையும்னு டாக்டர் சொல்லிருக்காவ" என்றார்கள் மாமி.

எனக்கு அந்த முக்கோணத்தைப் பார்த்ததுமே திக்கென்றது. அந்த முக்கோணத்துக்கு நடுவில்தானே ஈவ்லின் உட்காருவாள்? அடுப்பிலிருந்து சிங்க்குக்கு வெந்நீர் எடுத்துப் போகிற வழியில்தானே டப்பாவை உருட்டி விளையாடுவாள்? மில்டனைப் பார்த்தேன். இவரைப் பார்த்தேன். அந்தப் பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டாமா? இவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "கால் வலிக்குதா?" என்றார். நல்லவர்தான் அக்கா இவர். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

பிறகு சிம்னிக்கு வந்தார்கள்.

"கருவாடு சுட்டாக்கூட வாடை துளி வீட்டுக்குள்ள நிக்காதும்மா. அப்படியே இழுத்துரும்."

"இழுத்து எங்கன விடும்?" என்றார்கள் மாமி.

"பைப் வழியா வெளிய."

"வெளியன்னா பின்வீட்டு கார்மல் ஜன்னல்லயா? நாலு துண்டு கருவாடு சுட்டா அவ நாலு மாசம் எங்கூடப் பேசமாட்டா."

"அப்போ பெருசா ஒண்ணு வாங்கிருவோம்மா" என்றார் இவர். போனுக்குள் மதினியும் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அவர்களை விட்டு நகர்ந்து இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருந்த இடத்துக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி, தட்டையாக, ஒரு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. கடைப் பெண் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினாள். பாத்திரத்தை எடுத்துவிட்டால் அடுப்பு தானாக நின்றுவிடுகிறது. நெருப்பும் இல்லை, கேஸும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு அடுப்பு உலகத்தில் இருக்கும்போது ஏன் மனிதர்கள் நெருப்பை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்? இவரைக் கூப்பிட்டு, "இது நல்லா இருக்குல்ல?" என்றேன்.

"ஆமா, ஷோவா இருக்கு" என்றார் இவர்.

அதற்குள் மாமி வந்துவிட்டார்கள். "இதுல அப்பளம் சுட முடியுமா? மீன்குழம்புக்கு மண்சட்டி வைக்க முடியுமா?" என்று கடைப் பெண்ணைக் கேட்டார்கள். முடியாது என்றாள் அவள். மாமி என் பக்கம் திரும்பி, "உனக்கு இதுதான் வேணுமா பிள்ளை? வேணும்னா வேணும்னு வாயத் தொறந்து சொல்லு. மண்சட்டிய நான் வெளிய வச்சுக்கிடுவேன்" என்றார்கள்.

கடையில் அத்தனை பேருக்கு நடுவில். போனுக்குள் மதினி வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாதிரி கேட்டால் யாருக்கு வாய் வரும், நீங்களே சொல்லுங்கள். குத்திக் காட்டத்தானே கேட்பது? "ஒண்ணுமில்ல மாமி, சும்மா பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் மதினி சொன்னதுதான் நடந்தது. குக்கிங் ரேஞ்ச். மேலே நான்கு அடுப்பு, கீழே ஓவன், முன்பக்கம் வெள்ளி நிறத்தில் வரிசையாகத் திருகுகிற நாப். "கிறிஸ்மஸுக்கு கேக் மாவக் கலக்கி ட்ரேயத் தூக்கிட்டு இனிமே பேக்கரி வாசல்ல வரிசைல நிக்க வேண்டாம்லா" என்றார்கள் மதினி. வருஷத்தில் ஒரு நாள் சுடுகிற கேக்குக்காக வருஷம் முழுவதும் வீட்டில் நிற்கிற அடுப்பு. அந்த நாப் இருக்கிறதே, அதன் உயரத்தைக் கடையிலேயே கையால் அளந்து பார்த்தேன். என் இடுப்புக்குக் கீழே. மாமி குள்ளம் என்று மேடையை வேறு ஒரு சாண் இறக்கிப் போட்டார்கள், அதற்குச் சரியாக ரேஞ்சும் இறங்கியது. சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு தோதான உயரம் என்று யாராவது யோசித்தார்களா? நான் யோசித்தேன். நான் ஒருத்திதான் யோசித்தேன்.

அப்புறம் அந்தச் சுவர். ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு அகலமாக ஓர் ஆர்ச் வைக்கலாம் என்றார் மில்டன். இப்போது எல்லாரும் திறந்த கிச்சன்தான் வைக்கிறார்களாம். சமைக்கிறவர்கள் ஹாலில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கலாமாம். மதினி வீட்டிலும் அப்படித்தானாம். அங்கே மதினியின் பையன் காலேஜ் போகிறான், அதை யாரும் சொல்லவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை அக்கா, நான் தெளிவாகக் காட்டிவிட்டேன். அன்று ராத்திரி இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை. தட்டைக் கழுவும்போது சத்தம் வரும்படி வைத்தேன். மதினி போன் பண்ணினால் 'ம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள்? இவர், "உடம்பு சரியில்லையா வினோ? கடல் காத்து மாறுது, அதான்" என்று மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். மாமி மட்டும் நான் துணி மடிக்கும்போது வந்து கட்டிலில் உட்கார்ந்து, "எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சொன்னாத்தான பிள்ளை தெரியும்" என்றார்கள். பார்த்தீர்களா? மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறேனாம். அதற்குப் பிறகு என்ன பேச்சு?

சுவர் இடிபட்டது. பச்சைக் கதவைப் பழைய சாமான் எடுக்கிறவர் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனார். தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிச்சன் அழகாகத்தான் வந்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். பார்ப்பீர்கள். இழுப்பறை எல்லாம் விரலால் தொட்டால் தானாகப் போய் மூடிக்கொள்ளும். ஆனால் ஸ்விட்ச் போர்டு எங்கே என்று கேளுங்கள். ரேஞ்சுக்குப் பின்னால். கண்ணில் பட்டால் போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று மில்டன் அதை அங்கே ஒளித்து வைத்துவிட்டார். ரேஞ்சுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக்கைப் பிடுங்க வேண்டுமென்றால், இரண்டு ஆள் சேர்ந்து ரேஞ்சையே முன்னால் இழுக்க வேண்டும். உங்கள் வீட்டில் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் அக்கா. ஸ்விட்ச் எங்கே வரும் என்று முதலில் கேளுங்கள்.

சிலிண்டர் மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் இருக்கிறது. அதிலும் எனக்கு ஒரு பாடு. மாமிக்கு ரெகுலேட்டரை மூடாவிட்டால் தூக்கம் வராது. காப்பி போட்டு முடித்ததும் மூடிவிடுவார்கள். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் பால் சுட வைக்க வேண்டும் என்றாலும் மூடிவிடுவார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் குனிந்து, அலமாரியைத் திறந்து, கையை உள்ளே விட்டு அதைத் திருப்ப வேண்டும். எனக்கு முதுகு ஒடிந்துவிடும். "அடுப்பத்தான் அணைச்சாச்சே மாமி" என்பேன். "இருக்கட்டும்" என்பார்கள். கேஸ் என்ன வீட்டுக்குள் ஒழுகியா போய்விடும்? அந்தக் காலத்துச் சிக்கனம். ஒன்றும் சொல்ல முடியாது.

வேலை முடிந்ததும் பங்குத்தந்தையைக் கூப்பிட்டு மந்திரித்தோம். இங்கே எங்கள் ஆட்கள் எல்லாரும் புது வீடு, புது வண்டி, புது வலை, எது வந்தாலும் மந்திரிக்காமல் தொடமாட்டார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லி நாலு மூலைக்கும் தீர்த்தம் தெளித்தார். மாமிக்கு அது போதவில்லை. "சாமி, அடுப்புக்கு நல்லாத் தெளிங்க சாமி. பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு" என்றார்கள். ஃபாதரும் பாவம், தெளிக்கிற குச்சியை நன்றாக முக்கி எடுத்து ரேஞ்சின்மேல் மூன்று தடவை ஓங்கி உதறினார். நாப் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அது துடைக்கிற தண்ணீரா, தீர்த்தமாயிற்றே. யாரும் துடைக்கவில்லை.

பிறகு இவர் ஃபாதரைப் பைக்கில் கொண்டுபோய் விடப் போனார். மாமி தெருவுக்கு கேக் கொடுக்கப் போனார்கள். அப்போதுதான் நான் முதலில் சொன்னேனே, அந்தச் சத்தம்.

இவர் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாப்புக்கு உள்ளே தீர்த்தம் இறங்கிவிட்டதாம். ஈரம் இருக்கிறவரை பொறி தட்டிக்கொண்டே இருக்குமாம். என் முடி காயவைக்கிற டிரையரை எடுத்து அரை மணி நேரம் காட்டினார், நின்றது. மறுநாள் மழைச் சாரல், மறுபடியும் டிக் டிக். கம்பெனி ஆள் வந்து பார்த்தார், "கடல் ஊருல்லா சார். ரெண்டு வாரம் காயட்டும், தானா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் ரேஞ்சை இழுக்க வேண்டும், தரையில் கீறல் விழும். அப்படியே விட்டோம்.

பழகிவிட்டது அக்கா. அதுதான் எனக்கு இப்போது நினைத்தால் ஆச்சரியம். அவ்வளவு பயந்த சத்தம், நாலே நாளில் பழகிவிட்டது. டிக் டிக் என்றால் இவர், "அம்மாவோட ஜெபம் இன்னும் வேலை செய்யுது" என்பார். மாமி, "வேலை செய்யட்டும், உனக்கு என்ன?" என்பார்கள். நான்கூடப் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் மாதிரி அதைக் கேட்டுக்கொண்டே துணி மடிப்பேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த வீட்டில் ஜெபமாலை என்றால் ராணுவம் மாதிரி. மாமி ஆரம்பித்துவிட்டால் யாரும் எழக்கூடாது. போன் அடித்தால் எடுக்கக்கூடாது, வாசலில் ஆள் வந்து நின்றால் நிற்க வேண்டியதுதான். மாமிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்து போய்விட்டது, ஆனாலும் முழங்கால் போட்டுத்தான் சொல்வார்கள். ஈவ்லின் எங்களைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருப்பாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக. மாமி பாதி சொல்ல, நாங்கள் மீதி சொல்ல, அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. டிக், டிக், டிக்.

இவர் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, தலையைக் குனிந்துகொண்டேன். தீர்த்தம்தானே. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மாமி பாதி மந்திரத்தில் நிறுத்தினார்கள்.

அப்படி அவர்கள் நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு கையை இவர் தோளில் வைத்து எழுந்தார்கள். எழும்போது முழங்கால் சொடக்கியது எனக்குக் கேட்டது. எதற்கு எழுந்தார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. வயதானவர்கள், ஒன்றுக்கு வந்திருக்கும் என்று நினைத்து நான் அடுத்த மணிக்குப் போய்விட்டேன். கிச்சனிலிருந்து மாமி கூப்பிட்டார்கள், சத்தமே போடாமல். "வினோ, இங்கன வா."

ஈவ்லின் ரேஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் இரண்டு நாப்பைப் பிடித்துக்கொண்டு. அழுத்தித் திருகினால்தான் திரும்பும் என்று கடையில் எவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள். பிள்ளை திருகவெல்லாம் இல்லை, தன் முழுக் கனத்தையும் அதில் போட்டுத் தொங்கிவிட்டாள். இரண்டும் முழுசாகத் திரும்பி நின்றன. அடுப்பில் பொறி தட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேலே, விளிம்பில், மீன்குழம்புச் சட்டி. மாமி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தார்கள், அப்போதும் பிள்ளை நாப்பை விடாமல் இழுத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

கேஸ் வரவில்லை அக்கா. ஒரு துளி வாடைகூட இல்லை. ரெகுலேட்டர் மூடியிருந்தது.

மாதாதான் காப்பாற்றினாள். வேறு யார்? மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்த நேரத்தில் மாதா எங்களைக் கைவிடுவாளா? வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக அங்கேயே நேர்ந்துகொண்டேன். இவர் என்னவோ, "அம்மா மூடி வச்சதுனால தப்பிச்சோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போதும் அம்மா.

அன்று ராத்திரி மதினி போன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிள்ளையப் பார்த்துக்க வீட்டுல ஆள் இல்லையா?" என்றார்கள். ஸ்பீக்கரில் இருந்தது. இவர் உடனே நாப்புக்குப் போடுகிற பிளாஸ்டிக் மூடி ஆர்டர் போட உட்கார்ந்துவிட்டார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்ப் படுத்தேன். அழுதேன். பிள்ளையின் இரண்டு கையையும் என் கைக்குள் பிடித்துக்கொண்டே இருந்தேன். தூங்கிய பிறகும் விடவில்லை.

மாமி வந்து நின்றார்கள். விளக்கைப் போடவில்லை. "இப்பவாது சொல்லு பிள்ளை. என்ன வேணும்?"

"கதவு" என்றேன்.

"எந்தக் கதவு?"

"கிச்சனுக்கு. கதவு வேணும்."

"இதச் சொல்ல இவ்வளவு நாளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் காதில் விழாமல், இப்போது என்னைக் கேட்கிறார்கள், இவ்வளவு நாளா என்று.

காலையில் நான் எழுந்து வருவதற்குள் மாமி கடைக்குப் போய்விட்டு வந்துவிட்டார்கள், ஆட்டோவில் கதவோடு. என்ன கதவு என்று பார்க்கிறீர்களா? அதோ பாருங்கள். பாத்ரூம் கதவு. பிளாஸ்டிக், நீலக் கலர், நடுவில் ஒரு தாமரைப்பூப் படம். மரக்கதவுக்கு இரண்டு வாரம் ஆகும் என்று கடையில் சொன்னார்களாம், இருக்கிறதில் எது இன்றைக்கே கிடைக்கும் என்று கேட்டார்களாம், இது கிடைத்ததாம். ஆர்ச் அகலம், கதவு சின்னது. மீதி இடத்துக்கு ஆசாரி ரேஞ்ச் வந்த பெட்டியின் பலகையை அடித்துவிட்டார். பாருங்கள், மேலே பார்த்த அம்புக்குறியும் உடைகிற கண்ணாடி டம்ளர் படமும் அப்படியே இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய கிச்சனுக்குள் போக நாங்கள் பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டு போகிறோம்.

இவர் முகமே சரியில்லை. மதினி வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, இது பாத்ரூம் கதவும்மா" என்றார்கள்.

"அது அந்தக் கதவுக்குத் தெரியாதுல்லா" என்றார்கள் மாமி.

"ஆர்ச்சையே கெடுத்தாச்சு."

"நீ வரும்போது கழட்டி வைக்கிறேன். நீ போனதும் மாட்டிக்கிடுதேன்."

சரி, எப்படியோ கதவு வந்துவிட்டது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. வெளியே, உயரத்தில், ஒரு தாழ்ப்பாள். பிள்ளைக்கு எட்டாது. எனக்கு அது போதும்.

இன்று காலையில்தான் அக்கா எனக்கு மனசே விட்டுப்போனது. ஆசாரி மறுபடியும் வந்தார். மாமி வரச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்று பார்த்தால், உள்ளே ஒரு தாழ்ப்பாள் அடிக்க. "வெளியதான் ஒண்ணு இருக்கே மாமி" என்றேன். "அது அடுப்பு அணைஞ்சிருக்கப்போ. இது எரியிறப்போ" என்றார்கள். அவ்வளவுதான் பதில். உள்ளே தாழ்ப்பாள் என்றால் என்ன அர்த்தம்? யாரை உள்ளே வரவிடாமல் இருக்க? வீட்டில் இருப்பது நாங்கள் மூன்று பேர். இவர் கிச்சன் பக்கமே வரமாட்டார். அப்புறம் யார் மிச்சம்?

எங்கம்மாவுக்குப் போன் பண்ணினேன். "அடுப்படிய விட்டு மருமகள வெளிய தள்ளுறதுக்கு வழி பண்ணுதாவ, நீ விட்டுறாத" என்கிறாள் அம்மா. விடாமல் நான் என்ன செய்வேன்? கதவு வேண்டும் என்று நான்தானே கேட்டேன். கதவு என்றுதான் கேட்டேன், என்னை வெளியே நிறுத்தி வையுங்கள் என்றா கேட்டேன்? இனி நான் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு கிச்சனுக்கு வெளியே நிற்க வேண்டும், ஹாஸ்டலில் ஜன்னலுக்கு முன்னால் நின்ற மாதிரி. யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னாலும் யாருக்குக் கேட்கிறது இந்த வீட்டில்?

இருங்கள், மாமி இறங்கி வருகிறார்கள்.

"மாமி, இவங்கதான் முதல் தெருவுல புதுசா வீடு வாங்கியிருக்கிற அக்கா. கிச்சன் பார்க்க வந்திருக்காங்க."

"வாங்க, வாங்க. பாத்ரூம் கதவப் பார்த்துப் பயந்துறாதீங்க. இருங்க, காப்பி போட்டுட்டுக் கூப்பிடுதேன், வந்து சாவகாசமாப் பாருங்க. சீனி போடலாம்லா?"

"போடலாமாம் மாமி."

பார்த்தீர்களா அக்கா, கொஞ்சம் சாய்ந்ததும் முழித்துவிட்டாள். இந்தப் பிள்ளைக்கு எங்கே சத்தம் கேட்டாலும் அங்கே போக வேண்டும். இரு ஈவ்லின். இருடி. அங்கே போகக்கூடாது.

"வினோ."

"என்ன மாமி?"

"பிள்ளை உன் கையிலயா இருக்கா?"

"கையிலதான் இருக்கா."

"நல்லாப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன் மாமி."

கேட்டீர்களா? உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள்.